பெயின்டைப் பார்க்காதீர்கள், கத்தியைப் பாருங்கள்

ஆட்டை அவிழ்த்துவிட்டால் அரை நாளில் முடிகிற வேலைக்கு இயந்திரமா என்று நம் ஊரில் கேட்பார்கள். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மாளிகைகளைச் சுற்றியிருந்த புல்வெளிகளைச் செம்மறிகள் மேய்ந்தன. வீட்டை ஒட்டிய பகுதியை மட்டும், காலைப் பனி காய்வதற்குள் ஆட்கள் நீண்ட அரிவாளால் சீவினார்கள். பிறகு மோவர் என்ற புல்வெட்டும் இயந்திரம் வந்தது, அதில் பெட்ரோல் இன்ஜின் ஏறியது, நடுத்தரக் குடும்பத்து வீடுகளின் பின்பக்கத்திலும் ஒரு துண்டுப் புல்தரை முளைத்தது. அந்தக் காலத்து பெட்ரோல் மோவர்களைத் தோட்டக் கொட்டகைகளிலிருந்தும் காயலாங்கடைகளிலிருந்தும் மீட்டு, பிரித்துப் போட்டு, மறுபடி ஓடவைப்பது இன்று அங்கே ஒரு பொழுதுபோக்கு. இதற்கென்றே 1990-இல் பழைய மோவர் சங்கம் ஒன்றும் தொடங்கிவிட்டார்கள்.

இப்படி மீட்ட மோவரைப் புதிதாகப் பார்க்கிறவர் கண் முதலில் போவது பெயின்டுக்கு. பச்சை பளபளக்கும், பெயர் தங்க எழுத்தில் மின்னும், படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். விஷயம் தெரிந்தவர் உரிமையாளருக்கு வணக்கம் சொன்ன கையோடு குனிந்து அடியில் பார்ப்பார். இந்த இயந்திரத்தின் உயிர் இன்ஜினில்கூட இல்லை, அடியில் இருக்கிற கத்தியில் இருக்கிறது.

அந்தக் கத்தி பிறந்தது தோட்டத்தில் அல்ல, துணி ஆலை வட்டாரத்தில். குளோஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் பகுதி கம்பளித் துணிக்குப் பேர்போனது. நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சீவி மட்டமாக்க அங்கே சுழலும் கத்தி உருளைகள் இருந்தன. துணியில் பிசிறைச் சீவுகிற கத்தி தரையில் புல்லைச் சீவாதா என்று எட்வின் பட்டிங் என்ற பொறியாளருக்குத் தோன்றியது. 1830-இல் காப்புரிமை வாங்கினார். உருளையில் திருகலாக வளைத்துப் பொருத்திய கத்திகள் சுழல்கின்றன. அவற்றுக்குக் கீழே அசையாத ஒரு தட்டைக் கத்தி. நடுவே அகப்பட்ட புல், கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் நறுக்கென்று துண்டாகிறது. குதிரை இழுத்தாலும் நீராவி தள்ளினாலும், 1902-இல் இப்ஸ்விச் நகரின் ரான்ஸம்ஸ் நிறுவனம் பெட்ரோல் இன்ஜினை ஏற்றி விற்றபோதும், இந்த வெட்டு முறை மாறவில்லை.

எனவே பார்க்கிறவர் செய்ய வேண்டிய முதல் சோதனைக்குச் செய்தித்தாள் துண்டு ஒன்று போதும். ஸ்பார்க் பிளக்கின் வயரை முதலில் பிடுங்கிவிட வேண்டும். கத்தியைக் கையால் சுற்றும்போது இன்ஜின் ‘டப்’ என்று பிடித்துக்கொண்டால் விரல் போய்விடும். இதில் அலட்சியம் கூடாது. பிறகு தாளைக் கத்திக்கும் அடிக்கத்திக்கும் இடையில் நீட்டி உருளையை மெல்லச் சுழற்ற வேண்டும். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று எங்கே நீட்டினாலும் தாள் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். ஓர் இடத்தில் வெட்டி இன்னோர் இடத்தில் மடங்கினால் அங்கே கத்தி தேய்ந்திருக்கிறது, அல்லது உருளை சாய்ந்திருக்கிறது. தாளை வெட்டாத மோவர் எவ்வளவு மினுக்கினாலும் அது ஷோகேஸ் பொம்மைதான்.

அந்த வெட்டைத் திரும்பக் கொண்டுவருவது பொறுமைசாலிகளின் வேலை. கத்தி மிகவும் மோசமாக இருந்தால் மெஷினில் கொடுத்துச் சாணை பிடிக்க வேண்டும். ஓரளவு நன்றாக இருந்தால் கத்தி முனையில் கிரைண்டிங் பேஸ்டைத் தடவி உருளையைத் தலைகீழாகச் சுற்றுவார்கள். இரண்டு கத்திகளும் ஒன்றையொன்று உரசி ஒன்றுக்கொன்று பொருந்திப்போகும். பிறகு இரு பக்கத்து ஸ்குரூக்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இடைவெளியைக் குறைப்பார்கள். ரொம்ப இறுக்கினால் கத்தி கிறீச்சிட்டுச் சூடேறும், வீணாகத் தேயும். சரியாக அமைந்த உருளையைக் கையால் தள்ளிவிட்டால் உரசலே இல்லாதது மாதிரி ஓடும், மெல்லிய ஒரு கிசுகிசுப்பு மட்டும் கேட்கும். அதைக் கேட்கக் காதைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும்.

அடுத்து நட்டுகள். இதைச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களில் இருப்பது மில்லிமீட்டர் மரை அல்ல, ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த அளவு மரை. அதற்கென்று தனி ஸ்பானர் வேண்டும். கையில் கிடைத்த ஸ்பானரைப் போட்டு முறுக்கியிருந்தால் நட்டின் ஆறு மூலையும் மழுங்கியிருக்கும். மூலைகள் கூராக இருந்தால், துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, சரியான ஸ்பானரைத் தேடிப்பிடித்துத் திறந்த ஒருவரின் கை அங்கே வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பிஸ்டன் இறுகிப்போன இன்ஜினுக்கும் இதே வைத்தியம்தான். பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருப்பார்கள். அவசரப்பட்டுச் சுத்தியலை எடுத்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது லேசான காரியமல்ல.

இன்ஜின் என்றதும் இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். ஒன்று வில்லியர்ஸ், வுல்வர்ஹாம்ப்டன் நகரத் தயாரிப்பு. 1960-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தயாரித்த ஃபென்டாபுலஸ் ஸ்கூட்டரில் இருந்ததும் வில்லியர்ஸ் இன்ஜின்தான் என்பதால் நம் ஊர் பழைய மெக்கானிக்குகளுக்கு இது புதிய பெயரல்ல. இதில், பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோ சக்கரத்தின் நட்டில் ஒரு வேடிக்கை உண்டு. திருப்பினால் முதலில் தளரும், பிறகு மறுபடி இறுகும். புதியவர் மரை போய்விட்டது என்று பதறுவார். உண்மையில் அந்த நட்டு அப்போது சக்கரத்தைத் தானே இழுத்துக் கழற்றிக்கொண்டிருக்கிறது. கழற்றும் கருவியை இயந்திரத்துக்குள்ளேயே வைத்து அனுப்பிய அந்தக் காலத்துப் பொறியாளருக்கு ஒரு சபாஷ் போடலாம்.

இன்னொன்று சஃபோக். ஸ்டோமார்க்கெட் ஊரின் வார்ப்பட ஆலை 1950-களில் கொண்டுவந்த சஃபோக் பஞ்ச் மோவரில் சொந்தத் தயாரிப்பான சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இருந்தது. பெயர் அந்த வட்டாரத்து உழவுக் குதிரை இனத்தின் பெயர். விலையும் வேலையும் கைக்கு அடக்கமாக இருப்பதால் முதன்முதலாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுவே ஏற்றது.

பெட்ரோல் விஷயத்தில்தான் இக்காலத்துத் தலைவலி. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பரையும் கார்க்கையும் கெடுக்கும். பழைய கார்பரேட்டர்கள் சிலவற்றில் மிதவையே கார்க்தான். அதனால் நல்ல மீட்பாளர் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் மோவரை உள்ளே வைப்பார். டூ ஸ்ட்ரோக் என்றால் 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இன்றைய ஆயில் என்றால் அவ்வளவு தேவையில்லை, கூட ஊற்றினால் புகை மண்டும், பிளக் கரியேறும்.

ஸ்டார்ட் செய்யும் காட்சியை நின்று பார்க்க வேண்டும். கார்பரேட்டரின் தலையில் ஒரு குமிழ் இருக்கும். அதை அழுத்தினால் மிதவை அமிழ்ந்து பெட்ரோல் வழியும். விரலில் ஈரம் பட்டதும் நிறுத்திவிட்டு ஒரு மிதி, அல்லது கயிற்றை ஓர் இழுப்பு. முறையாகச் சரிசெய்த இன்ஜின் இரண்டு மூன்று முயற்சியில் பிடித்துக்கொள்ளும். பத்து தடவை மிதித்து வேர்க்க விறுவிறுக்க நிற்கிறவரிடம் மேக்னெட்டோவின் பாயின்ட்டைத் தேய்த்தாரா, கண்டென்சரை மாற்றினாரா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கார்பரேட்டரையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த உலகத்தின் பட்டத்து ராஜா ஆட்கோ. பர்மிங்ஹாமின் சார்லஸ் பியூ நிறுவனம் 1921-இல் இறக்கிய 22 அங்குல மோவரின் விலை 75 பவுண்டு. வெறுமனே விற்றுவிட்டுப் போகாமல் ஊர் ஊராகச் சர்வீஸ் கிளைகளைத் திறந்து, பழுது பார்ப்பதையும் சாணை பிடிப்பதையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். இதே ஆட்கோ 1939-இல் ஓட்டுநர் பயிற்சிக்கென்று ஒரு குட்டிக் காரைக்கூட வெளியிட்டது. அதிலும் 98 சிசி வில்லியர்ஸ் இன்ஜின். உலகப் போர் வந்தது, கார் நின்றுபோனது. மோவர் தொடர்ந்தது.

ஆஸ்திரேலியாக்காரர்களிடம் கேட்டால் வேறு ராஜாவைச் சொல்வார்கள். சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் 1952-இல் வீட்டிலேயே செய்த முதல் மாதிரிக்குப் பெட்ரோல் டேங்க் ஒரு காலி பீச் பழ டின். அதிலிருந்து வளர்ந்ததுதான் விக்டா. அதன் கத்தி படுக்கைவாட்டில் சுழன்று புல்லை வேகத்தால் அடித்து அறுக்கும் வகை; தாள் சோதனை அதற்குப் பொருந்தாது. முரட்டுப் புல்லுக்கு அதை விட்டால் ஆளில்லை என்பதும் உண்மை.

இனி பெயின்ட். பாதிக்கு மேல் பழைய பெயின்ட் நிற்கிற மோவரைச் சுரண்டி முழுக்கப் புதிதாக அடிப்பது, என் பார்வையில், அநியாயம். எண்ணெய்த் துணியால் துடைத்து, துருவை மட்டும் நிறுத்தி, தேய்ந்த பெயர் எழுத்தை அப்படியே விட்டுவைக்கும் சாராரும் உண்டு; அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்த இடம் ஒருவர் வருஷக்கணக்கில் பிடித்து நடந்த இடம். பெயின்ட் சுத்தமாகப் போய் இரும்பு தெரிந்தால் அடிக்கத்தான் வேண்டும். அப்போதும் பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாளை ஈரமாக்கித் தேய்க்க வேண்டும், காய்ந்த தூளைச் சுவாசிக்கக் கூடாது.

கடைசிச் சோதனை புல்லில். பின்னால் இருக்கும் கனமான ரோலர் புல்லை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போகும். நம்மைவிட்டு விலகிச் சாய்ந்த புல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி வெளிர்பச்சையாகவும், நம்மை நோக்கிச் சாய்ந்தது கரும்பச்சையாகவும் தெரியும். போய்த் திரும்பி வெட்டினால் பட்டை பட்டையாகக் கோடு விழும். கோடு நேராக விழுவது ஓட்டுகிறவரின் சாமர்த்தியம். கோட்டுக்குள் வெட்டாத புல் வரிவரியாக எஞ்சி நின்றால் அது கத்தியின் குற்றம்.

பிரிட்டனில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு நாளை சவுத்போர்ட் நகரத்து மோவர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கலாம். பழைய மோவர் சங்கத்தார் மில்டன் கீன்ஸ் அருங்காட்சியகத்தில் கூடுகிற நாளில் போனால் இன்னும் நல்லது. அங்கே இயந்திரங்கள் ஓடும், உரிமையாளர்களும் பக்கத்திலேயே நிற்பார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கிரிக்கெட் ஆட்டத்துக்கு முன்னால் மைதானப் பணியாளர் ஆடுகளத்தில் தள்ளிப்போகும் மோவரைக் கவனியுங்கள். அதுவும் உருளைக் கத்தி மோவர்தான், 1830-இல் பட்டிங் காப்புரிமை வாங்கிய அதே வெட்டு.