ஆர்கனைக் கேட்காத அன்பு

ஹார்ட் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' ஆல்பம் ஐம்பது வயதைக் கடந்ததை ஒட்டி 2024-இல் பெரிய பெட்டித் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. ஃபிராங்க் ஸப்பாவின் மகன் ட்வீஸில் ஸப்பா பழைய ஒலிநாடாக்களிலிருந்து பாடல்களைப் புதிதாகக் கலந்து கொடுத்திருந்தார். அட்மாஸ் எனும் சூழொலி வடிவமும் அதில் உண்டு. தந்தையின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது பற்றிய தீயிலிருந்து பிறந்த 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டை மகன் கையில் எடுக்கிறார் என்பதில் ரசிகர்களுக்கு ஒரு நெகிழ்ச்சி. எனக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கலவையை ஒட்டி நான் படித்தவற்றில், மெச்சியவர்களும் குறை சொன்னவர்களும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள்: கிட்டார் எப்படிக் கேட்கிறது? குழுவின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோரின் விரல்கள் துலங்குகின்றனவா? ஐம்பது ஆண்டுகளாக இந்த ஆல்பத்தின் மீது பொழியப்படும் அன்பு கேட்டுவரும் கேள்வியும் இதுதான். அது தவறான கேள்வி என்று நெடுநாளாக நினைத்துவருகிறேன்.

அந்த அன்புக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1972 மார்ச்சில் வந்த ஏழு பாடல்கள், நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பிறகு குழு உடைந்தது, ஆட்கள் மாறினார்கள், ரசனை பலமுறை புரண்டது. அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவர்களை 2016 வரை உள்ளே விடவில்லை. அவ்வளவு காலமும் ஆல்பத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் ரசிகர்கள்தான். இசை தெரியாத ஒரு பிள்ளை கிட்டாரைத் தொட்ட முதல் நாளே வாசித்துப் பார்க்கக்கூடிய ஒரு ரிஃபை, திரும்பத் திரும்ப வரும் சிறு சுரத்தொடரை, உலகத்துக்கு வழங்கியதும் சின்னக் காரியம் அல்ல.

ஆனால் 'மெஷின் ஹெட்' கிட்டார் ஆல்பம் அல்ல. அதை அப்படி அழைப்பவர்கள் அதைப் பாதிதான் கேட்டிருக்கிறார்கள்.

குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை என்ன செய்தார் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். தேவாலயத்திலும் ஜாஸ் விடுதியிலும் ஒலித்த கருவி அது. அதன் ஒலியை லெஸ்லி ஒலிப்பெட்டியின் சுழற்சி வழியாக மென்மையாக விடுவதுதான் வழக்கம். லார்ட் அதை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்தார். கிட்டாருக்காகச் செய்யப்பட்ட அந்த ஆம்ப்ளிஃபையருக்குள் போன ஆர்கன் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. கிட்டாரின் ஓசைக்குச் சமமாக நிற்க அவர் எடுத்த முடிவு அது. அதன் விளைவு ஓசையோடு நிற்கவில்லை. கிட்டார் எங்கே முடிகிறது, ஆர்கன் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கமுடியாத ஒரு மூன்றாவது ஒலி உண்டாயிற்று. இரட்டை நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஹார்ட் ராக் என்று நாம் நினைவில் வைத்திருக்கும் டீப் பர்ப்பிளின் ஒலி அந்த மூன்றாவது ஒலிதான். பிளாக் சபாத் குழுவிடம் இல்லாத நிறம் இவர்களிடம் இருந்ததற்கும் காரணம் அதுதான்.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் பிறப்புக் கதை எல்லோருக்கும் தெரியும்: 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மோந்த்ரூ, ஸப்பா கச்சேரி, கூரையை நோக்கி யாரோ சுட்ட தீப்பொறித் துப்பாக்கி, எரிந்துபோன கேசினோ, ஏரியின் மேல் பரவிய புகை. ரிஃப் பிளாக்மோருடையது. இரண்டிரண்டு சுரங்களைச் சேர்த்து, பிக் இல்லாமல் விரலால் இழுத்து வாசித்தார். முதல் சுற்றில் கிட்டார் தனியாக வருகிறது. அடுத்தடுத்த சுற்றுகளில் ஹை-ஹாட் சேர்கிறது, லார்டின் ஆர்கன் அதே ரிஃபை எடுத்துக்கொள்கிறது, டிரம்ஸ் முழுதாக இறங்குகிறது, ரோஜர் குளோவரின் பாஸ் வருகிறது. மெலிந்த ஓர் ஒலிக்கோடு சுற்றுக்குச் சுற்று தடித்துக்கொண்டே போவதுதான் அந்தத் தொடக்கத்தின் கலை. கிட்டார் கடைகளிலும் விடுதி அறைகளிலும் வாசிக்கப்படுவது முதல் சுற்று மட்டும். 2007-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஆயிரத்துக்கும் அதிகமான கிட்டார்காரர்கள் சாதனைக்காகக் கூடி இந்தப் பாட்டை ஒன்றாக வாசித்தார்கள். ரசிக அன்பின் உச்சம் என்று அதைச் சொல்கிறார்கள். எனக்கு அது வருத்தம் தந்தது. ஆயிரம் கிட்டார்களைச் சேர்த்தாலும் அந்தத் தடிமன் வராது. அதைத் தந்தது கிட்டார்களின் எண்ணிக்கை அல்ல, வேறொரு கருவி அதே சுரங்களைத் தன் குரலில் சொன்னது.

'ஹைவே ஸ்டார்' இன்னும் தெளிவான சாட்சி. பிளாக்மோரின் தனி வாசிப்பு, மிகச்சிறந்த கிட்டார் தனி வாசிப்புகளின் பட்டியல்களில் வழக்கமாக இடம்பெறுவது. முன்கூட்டியே சுரம் சுரமாக அமைத்து வைத்தது. பாக் காலத்து இசையின் படிவரிசை அதில் வெளிப்படையாகத் தெரியும். இளம் கிட்டார்காரர்கள் மாதக்கணக்கில் உழைத்து அதை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டில் தனி வாசிப்பு இரண்டு. முதலில் வருவது ஆர்கன். அதே வேகத்தில், அதே பழைய ஐரோப்பியச் சாயலில் லார்ட் ஒரு வாதத்தை முன்வைக்கிறார். பாடகர் இயன் கில்லன் மறுபடி பாடுகிறார். அதற்குப் பிறகுதான் பிளாக்மோர் எழுகிறார். அவர் பேசுவது பதில். கீபோர்டு இல்லாத குழுக்கள் இந்தப் பாட்டை மேடையில் வாசிக்கும்போது ஆர்கன் பகுதியை இரண்டாவது கிட்டாருக்குக் கொடுக்கிறார்கள், அல்லது வெட்டிவிடுகிறார்கள். கூட்டம் குறை சொல்வதில்லை. அதுதான் என் புகார். மூலத்தை உயிராக நேசிப்பதாகச் சொல்பவர்கள் அதன் பாதி காணாமல்போனதைக் கவனிக்காமல் இருக்கிறார்கள்.

'லேஸி' தொடங்குவதே ஆர்கனில்தான். ஒரு நிமிடத்துக்கு மேல் லார்ட் தனியாக அந்தக் கருவியை முறுக்கியும் சீண்டியும் பார்க்கிறார். கிட்டார் உள்ளே வந்தபின் இருவரும் மாறி மாறி வாசித்து, பாட்டின் பாதியைத் தாண்டியபிறகுதான் குரல் வருகிறது. இயன் பெய்ஸின் டிரம்ஸ் அங்கே ஆடும் ஆட்டம் ஹார்ட் ராக் அல்ல, ஜாஸ். 'பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்' பாட்டில் பாஸுக்கும் தனி வாசிப்பு உண்டு. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசித்த ஆல்பம் இது. கேசினோ எரிந்தபின், அதே ஊரில் மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைக்கூடங்களில் மெத்தைகளை அண்டக்கொடுத்து, வெளியே நிறுத்தியிருந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் பதிவுக்கூடத்தில் பதிவு செய்தார்கள். வாசித்ததைக் கேட்டுப்பார்க்க அறைகளையும் பால்கனிகளையும் தாண்டி வண்டிவரை போகவேண்டியிருந்ததால், ஒரு கட்டத்தில் போவதையே விட்டுவிட்டார்கள். ஒலிப்பொறியாளர் மார்ட்டின் பிர்ச் சரி என்றால் சரி. ஒலிநாடாவில் தன் கருவி எப்படித் தெரிகிறது என்ற கவலையை இப்படி ஒதுக்கிவைத்தவர்களின் இசையில், ஒரு கருவியை மட்டும் தனியே நிறுத்தி அழகு பார்ப்பது அதன் இயல்புக்கே எதிரானது.

இதை வெறும் கவனக்குறைவு என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. ரசிகர்கள் சொல்லிவரும் வரலாற்றிலேயே இந்தப் பாரபட்சம் இருக்கிறது. 1969-இல் லார்ட் எழுதிய கன்சர்ட்டோவை ராயல் ஆல்பர்ட் ஹாலில் சிம்ஃபனிக் குழுவோடு வாசித்தார்கள். மறுவருடம் 'டீப் பர்ப்பிள் இன் ராக்' வந்தது. அன்றிலிருந்து, பிளாக்மோர் வென்றார், லார்ட் ஒதுங்கினார், கிட்டார் அரியணை ஏறியது என்று ஒரு கதை உலவுகிறது. குழுவின் திசையைப் பிளாக்மோர் திருப்பினார் என்பது உண்மை. லார்ட் ஒதுங்கினார் என்பது உண்மை அல்ல. தன் கருவியின் குரலையே மாற்றிக்கொண்டு அதே களத்துக்கு வந்தார். அந்த வருகையின் நிறைவான பதிவு 'மெஷின் ஹெட்'. அதைக் கிட்டாரின் வெற்றிச் சின்னமாக நட்டுவைத்ததால், ஆர்கனைப் பக்கவாத்தியமாக நினைக்கும் ரசிகர் தலைமுறைகள் உருவாகிவிட்டன. பின்னால் வந்த ஹார்ட் ராக்கில் கீபோர்டு வைத்திருப்பதே ஒரு பலவீனம் என்ற எண்ணம் பரவியதில் இந்த வழிபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன். பிளாக்மோர்கூட அந்தப் பீடத்தில் தங்கவில்லை. 1997-இல் மின்கிட்டாரைப் பின்னுக்குத் தள்ளி மறுமலர்ச்சிக்கால இசைச் சாயலில் வேறொரு குழுவோடு வெளிவந்தார். ஹால் ஆஃப் ஃபேமில் லார்டின் பெயர் ஏறியபோது அவர் இறந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ரசிகர்களால் வேறு மாதிரி கேட்கமுடியாது என்று நான் சொல்லவில்லை. அதே மோந்த்ரூ நாட்களில் பதிவான 'வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்' பாட்டு பிளாக்மோருக்குப் பிடிக்காததால் ஆல்பத்தில் சேரவில்லை. 'நெவர் பிஃபோர்' இசைத்தட்டின் பின்பக்கத்துக்குப் போயிற்று. மெதுவான, ஆர்கன் கசியும் பாட்டு. 1997 பதிப்பில் அது ஆல்பத்தோடு சேர்க்கப்பட்டபோது, தங்கள் நாயகனின் தீர்ப்பை மீறி ரசிகர்கள் அதை அணைத்துக்கொண்டார்கள். அங்கே திறந்த காதை 'லேஸி'யின் முதல் நிமிடத்துக்கும் கொடுக்கலாம். அடுத்த ஆண்டுவிழாப் பெட்டி வரும்போது கிட்டாரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், லார்டின் இடதுகை எவ்வளவு கேட்கிறது என்று கேட்கலாம்.