வாக்குறுதியின் கீழே யார் கையெழுத்து?

தில்லிப் பல்கலைக்கழக மாணவர் பேரவைத் தேர்தலில் போட்டியிடுகிறவர்களின் அறிக்கைகளை வரிசையாக வைத்துப் படித்தால், கட்சிப் பெயரை மறைத்துவிட்ட பின் எது யாருடையது என்று சொல்வது கடினம். மெட்ரோ ரயிலில் மாணவர் சலுகைக் கட்டணம், வளாகமெங்கும் வைஃபை, கூடுதல் விடுதிகள், பெண்களுக்குப் பாதுகாப்பு, நல்ல விளையாட்டு மைதானம் என ஏபிவிபி, என்எஸ்யுஐ, இடதுசாரி அணிகள் ஆகிய மாணவர் அமைப்பினர் எல்லாருமே ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். இவற்றைப் பொய் என்று ஒதுக்குவது சுலபம், ஆனால் நியாயமில்லை. புறநகரிலிருந்து நாள்தோறும் மெட்ரோவில் வருகிற மாணவருக்குப் பயணச் செலவு உண்மையான சுமை. விடுதி இடம் கிடைக்காமல் தனியார் தங்குமிடத்துக்கு வாடகை கொடுப்பவரின் துயரும் கற்பனையல்ல. எனவே கோரிக்கைகளில் குறை காண முடியாது. அவற்றை யார் நிறைவேற்ற முடியும், அதற்கு எந்தக் கோப்பில் யார் கையெழுத்திட வேண்டும் என்பதை அறிக்கை சொல்வதே இல்லை. மாணவர் தேர்தல் அறிக்கை என்ற வழக்கத்தின் முதன்மையான பலவீனம் அந்த மௌனம்தான்.

மெட்ரோ சலுகையையே எடுத்துக்கொள்வோம். தில்லி மெட்ரோ நிறுவனம் ஒன்றிய அரசும் தில்லி அரசும் சரிபாதியாக வைத்திருக்கும் நிறுவனம். கட்டணத்தை வரையறுப்பது 2002-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் சட்டப்படி அமைக்கப்படும் கட்டண நிர்ணயக் குழு. அதன் பரிந்துரை நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும். அதற்குமேல் ஒரு சாராருக்குச் சலுகை தருவதென்றால், அந்த இழப்பை ஈடுகட்ட ஓர் அரசு பணம் ஒதுக்க வேண்டும். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் மாணவர் பேரவைத் தலைவருக்கு இடமில்லை. ஆனாலும், தான் வென்றால் சலுகை அட்டை கைக்கு வந்துவிடும் என்கிற தொனியில்தான் வாக்குக் கேட்கப்படுகிறது. தலைவரின் பதவிக்காலமோ ஓராண்டு. அதிலும் பருவத் தேர்வுகளும் விடுமுறைகளும் போக மிஞ்சுவது சில மாதங்கள். அதற்குள் இரண்டு அரசுகளின் நிதித்துறையை அசைத்துவிடுவதாகச் சொல்பவர், ஒன்று நடைமுறையை அறியாதவராக இருக்க வேண்டும், அல்லது அறிந்தும் சொல்லாதவராக இருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான ஒரு செயலைக் கேரளத்தில் பார்க்கலாம். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பேரவை, மாதவிடாய்க் காலத்தைக் கருதி மாணவியருக்கு வருகைப்பதிவில் தளர்வு வேண்டும் என்று கேட்டது. பல்கலைக்கழகமும் 2023 ஜனவரியில், ஒவ்வொரு பருவத்திலும் 2 விழுக்காடு கூடுதல் தளர்வு தந்தது. தேர்வெழுதத் தேவையான 75 விழுக்காடு, மாணவியருக்கு 73 ஆயிற்று. அடுத்த சில நாட்களிலேயே உயர்கல்வித் துறையின் கீழுள்ள மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் இதை விரிவாக்குவதாக மாநில அரசு அறிவித்தது. பெரிய நிதி இதற்குத் தேவைப்படவில்லை, கட்டடமும் கேட்கவில்லை. வருகைப்பதிவு விதியைத் தளர்த்தும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது. கேட்டவர்கள் சரியான கதவைத் தட்டினார்கள், தட்டிய இடத்தில் பதில் சொல்லவும் ஆள் இருந்தது. உடல்நோவோடு வகுப்புக்கு வரும் மாணவிக்கு 2 விழுக்காடு போதுமா என்று கேட்கலாம். போதாதுதான். என்றாலும், பல ஆண்டுகளாக அறிக்கைகளில் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும் மெட்ரோ அட்டையைவிட இது மாணவர் வாழ்க்கையில் எவ்வளவோ கூடுதலாகப் புகுந்திருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மாணவர் பேரவை நிர்வாக அலுவலகம் அல்ல, அழுத்தம் தரும் அமைப்பு. அதிகாரத்துக்கு உட்பட்டதை மட்டுமே கேட்க வேண்டுமென்றால் குடிநீர்க் குழாய்க்குமேல் எதையும் கேட்க முடியாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. தில்லியில் ‘யூ ஸ்பெஷல்’ என்ற மாணவர் சிறப்புப் பேருந்துகள் ஒருகாலத்தில் ஓடி, பின்னர் நின்றுபோயின. அவற்றைத் திரும்பக் கொண்டுவருவோம் என்பது மாணவர் தேர்தல்களின் நெடுங்காலப் பல்லவி. 2025 ஆகஸ்டில் அவை மீண்டும் ஓடத் தொடங்கின. தொடங்கி வைத்தவர் முதலமைச்சர் ரேகா குப்தா. அவரே 1996-97-இல் தில்லிப் பல்கலைக்கழக மாணவர் பேரவையின் தலைவராக இருந்தவர். மாணவர் பேரவையின் நாற்காலியில் முடியாதது முதலமைச்சர் நாற்காலியில் முடிந்தது என்று கேலியாகவும் இதைப் படிக்கலாம். ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கோரிக்கை வீணாவதில்லை என்பதற்குச் சான்றாகவும் கொள்ளலாம். நான் இரண்டாவதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அழுத்தம் தருவதுதான் திட்டமென்றால் அறிக்கை அதைத் திட்டமாகவே எழுத வேண்டும்: யாரிடம் மனு, எத்தனை கல்லூரிகளின் ஆதரவு, மறுத்தால் அடுத்து என்ன. ‘பெற்றுத் தருவோம்’ என்று எழுதுவதும் ‘கேட்போம், இப்படிக் கேட்போம்’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. பின்னதைத்தான் ஓராண்டு கழித்துச் சரிபார்க்க முடியும்.

வளாகப் பிரச்சினையை மட்டும் பேசு, நாட்டு அரசியல் உனக்கு எதற்கு என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வாதம். ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தை (ஜேஎன்யு) பற்றித்தான் இது அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் விடுதி வாடகையைவிட வளாகத்துக்கு நெருக்கமான பிரச்சினை எது? 2019 அக்டோபரில் அங்கே புதிய விடுதி விதிமுறைகள் வந்தபோது, தனி அறை வாடகை மாதம் 20 ரூபாயிலிருந்து 600 ஆகவும், இருவர் அறை வாடகை 10 ரூபாயிலிருந்து 300 ஆகவும் உயர்ந்தன. அதற்குமேல் சேவைக் கட்டணமும் வந்தது. போராட்டத்துக்குப் பின் நிர்வாகம் ஓரளவு இறங்கிவந்தது. 2020 ஜனவரியில் தில்லி உயர்நீதிமன்றம் பழைய கட்டணத்திலேயே பதிவுசெய்துகொள்ள இடைக்கால அனுமதி தந்தது. பொதுப்பணம் எவ்வளவு, மாணவரின் சட்டைப்பையிலிருந்து எவ்வளவு என்பதுதான் அந்த உயர்வின் வேரில் இருந்த கேள்வி. அது நாட்டின் உயர்கல்விக் கொள்கை பற்றிய கேள்வி. விடுதி வாடகையைப் பேசத் தொடங்கியவர் நாடாளுமன்றத்தின் வாசல்வரை போகாமல் இருக்க முடியாது. அதேவேளை, போகும் வழியை அறிக்கை காட்ட வேண்டும் என்ற என் எதிர்பார்ப்பை இது தளர்த்தவில்லை, இறுக்கவே செய்கிறது.

இத்தனையையும் சரிபார்க்க வேண்டிய விதிகள் எங்கே பார்வையைத் திருப்பியிருக்கின்றன? உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைகள் 2006 செப்டம்பரிலிருந்து நாடெங்கும் மாணவர் தேர்தலை ஆள்கின்றன. வேட்பாளருக்கு 5,000 ரூபாய் செலவு வரம்பு, அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை, வயது வரம்பு, 75 விழுக்காடு வருகைப்பதிவு, அரசியல் கட்சிப் பணத்துக்குத் தடை ஆகியவை அவற்றுள் சில. முடிவு வந்த இரண்டு வாரங்களுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். ஆண்டு முடிவில் வேலைக்கணக்கைக் கேட்பவர் இல்லை. நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒருமுறைதான் போட்டியிடலாம் என்ற விதி இதை இன்னும் மோசமாக்குகிறது. மறுபடி வாக்குக் கேட்டு வரப்போகாதவரை வாக்காளர் எப்படித் தண்டிப்பார்? ஒரே பதவியில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் தொழில்முறை மாணவத் தலைவர்களை விலக்கவே அந்த விதி வந்தது, அந்த நோக்கம் சரியானதுதான். ஆனால் தனிமனிதர் மறைந்துவிடும் இடத்தில் தொடர்ந்து நிற்பது மாணவர் அமைப்பு மட்டுமே. சென்ற ஆண்டின் வாக்குறுதிக்கு இந்த ஆண்டு பதில் சொல்ல ஏபிவிபியோ எஸ்எஃப்ஐயோதான் இருக்கும். கட்சிகளின் நிழலைக் குறைக்க விரும்பிய குழு, பொறுப்புக்கூறலை அவற்றின் கையிலேயே விட்டுவிட்டது.

தடை செய்யப்பட்ட அச்சுத்தாளோ தில்லிச் சுவர்களில் தாராளமாக ஒட்டப்படுகிறது. பிடிபட்டால் ‘அது நானில்லை’ என்று சொல்ல வசதியாக வேட்பாளர் தம் பெயரின் எழுத்துகளை மாற்றி அச்சிடும் உத்தி ஊரறிந்தது. 2024 செப்டம்பரில் சுவர்களைச் சுத்தம் செய்யும்வரை வாக்குகளை எண்ணக் கூடாது என்று உயர்நீதிமன்றமே சொல்ல, முடிவு நவம்பர் இறுதியில்தான் வந்தது. அடுத்த ஆண்டு வேட்பாளரிடம் ஒரு லட்சம் ரூபாய்க்கான பிணைப்பத்திரம் கேட்கப்பட்டது. சுவரைக் காக்க இவ்வளவு ஏற்பாடு. அந்தச் சுவரொட்டியில் பெயரும் வாக்குச்சீட்டு எண்ணும் தவிரத் திட்டம் என்று எதுவும் இல்லையே என்று கேட்க ஓர் ஏற்பாடும் இல்லை. 2024-இல் வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர்கள். மீதிப் பேரைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியுமா?

இப்படியானால் தேர்தலே வேண்டாம், நல்ல மதிப்பெண் எடுப்பவரைப் பிரதிநிதியாக நியமித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தமிழ்நாட்டின் பல கல்லூரி நிர்வாகங்களுக்கு இது இனிக்கும். லிங்டோ குழுவும் நியமன முறையை இடைக்கால ஏற்பாடாக அனுமதித்தது. ஆனால் ஐந்து ஆண்டுகளில் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் கெடு கடந்து வெகுநாளாகிறது. நியமிக்கப்பட்டவர் யாருக்கும் எதையும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. மெஸ் சாப்பாடு கெட்டுப்போனால் காப்பாளரின் மனநிலைதான் தீர்ப்பு. குறையுள்ள வாக்குறுதியையாவது நாளை எடுத்துக் காட்டிக் கேட்க முடியும்.

திருத்தத்துக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. ஜேஎன்யுவில் தலைவர் வேட்பாளர்கள் ஒரே மேடையில் நள்ளிரவு தாண்டியும் ஒருவரையொருவர் குறுக்கு விசாரணை செய்கிறார்கள், கூட்டமும் கேள்வி கேட்கிறது. அதற்கு முன்பே துறைப்பள்ளி வாரியான பொதுக்குழுக்களில், பதவி முடியும் கவுன்சிலர்கள் தங்கள் ஆண்டறிக்கையை வைத்து மாணவர்களின் கேள்விக்கு உட்படுகிறார்கள். விவாத மேடையின் ஆரவாரம்தான் செய்தியாகிறது. எனக்கு இந்த இரண்டாவது கூட்டம்தான் பெரிதாகப் படுகிறது. பல கல்லூரிகளில் பரவிக் கிடக்கும் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இது நடக்காது என்பது சரியான விடையாகாது. அங்கே கல்லூரிதோறும் தனி மாணவர் சங்கங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும், அடுத்த வேட்புமனு நாளுக்கு முந்தைய வாரத்தில் ஒரு மதிய நேரம், பழைய அறிக்கையை வாசித்து எது எந்த அலுவலகத்தில் நின்றது என்று சொல்லவைத்தால் போதும். அந்தக் கூட்டத்தை எதிர்பார்க்கும் வேட்பாளர் மெட்ரோ அட்டையைப் பற்றி எழுதுமுன் யாருக்குக் கடிதம் போட வேண்டும் என்று விசாரித்துக்கொள்வார்.