பாப்அப் பெட்டி கட்டும் பாணிகள்

நம் மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட்டுகளில் வரைபடம் ஒன்று எப்படியாவது வந்து உட்கார்ந்துவிடுகிறது. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் என்று குறிகள் இருக்கும். தொட்டால் ஒரு பெட்டி திறக்கும். பெட்டிக்குள் பெயரும் விலையும் மட்டும் இருக்கும்வரை எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். பொத்தான், எண் நிரப்பும் கட்டம், கீழே விரியும் பட்டியல் எல்லாம் உள்ளே வந்த பிறகுதான் யார் எந்தப் பாணிக்காரர் என்று தெரியும்.

இப்படி வரைபடத்தில் குறி வைக்கும் மரபு பழையதல்ல. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது. வெளியார் அதைப் பயன்படுத்த முறையான வழி எதுவும் திறக்கும் முன்பே பால் ராடமேக்கர் என்ற நிரலாளர் வாடகை வீட்டு விளம்பரங்களை அதன்மேல் குறித்துக் காட்டிவிட்டார். அடுத்த ஆண்டு ஓபன்லேயர்ஸ் என்ற வரைபட நூலகம். 2011-ல் உக்ரைனின் விளாடிமிர் அகாஃபோன்கின் எழுதிய லீஃப்லெட். மேப்பாக்ஸ் நிறுவனம் தன் வரைபட நூலகத்தின் உரிமத்தை மாற்றிய 2020 டிசம்பரில் அந்த நூலகத்திலிருந்து பிரிந்தது மேப்லிப்ரே. வரைபடத்தின் ஓர் இடத்தைச் சுட்டி ‘இங்கே என்ன இருக்கிறது’ என்று சர்வரைக் கேட்பதற்கு டபிள்யூஎம்எஸ் என்ற பொதுத்தரம் உண்டு. வந்த பதிலை எந்தப் பெட்டியில், எப்படிக் காட்டுவது என்பதை அது வகுக்கவில்லை. அதனால் நூலகத்துக்கு நூலகம் பழக்கம்தான் சட்டம்.

முதலில் சரப் பாணி. பெட்டிக்குள் வர வேண்டியதை எச்டிஎம்எல் சரமாகக் கொடுத்துவிடுவது. பார்க்க மட்டும் என்றால் இதுவே போதும். ஆனால் ரியாக்டில் எழுதிய படிவத்தைச் சரமாக்கித் தந்தால் கொலுப் பொம்மை மாதிரி உருவம்தான் வரும். பொத்தானைத் தட்டினால் அசையாது. பெட்டி திறந்தபின் லீஃப்லெட்டில் ‘பாப்அப்ஓபன்’, கூகுளில் ‘டாம்ரெடி’ என்ற நிகழ்வைப் பிடித்து, பொத்தானைத் தேடி இணைக்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பயனர் தட்டச்சு செய்த பெயரை அப்படியே சரத்தில் ஒட்டினால், பெயர் என்ற பேரில் படக்குறியீடு ஒன்றை எழுதி, அதன் பிழைநிகழ்வு வழியாக யாரோ தன் நிரலை ஓட்டிவிடலாம். மேப்லிப்ரே வெறும் உரைக்கு ‘செட்டெக்ஸ்ட்’ என்று தனி வழியே வைத்திருக்கிறது.

அடுத்தது எலிமென்ட் பாணி. வெற்று டிவ் ஒன்றை உருவாக்கிப் பெட்டியிடம் கொடுத்துவிட்டு, அதற்குள் ரியாக்ட்டையோ வியூவையோ தனியாக ஏற்றுவது. உள்ளே எல்லாம் வேலை செய்யும். ஆனால் ஏற்றியவரேதான் இறக்கவும் வேண்டும். பெட்டி மூடும்போது இறக்காவிட்டால், தொட்ட குறிக்கெல்லாம் ஒரு படிவம் நினைவகத்தில் தங்கிக்கொண்டே போகும். தனியாக ஏற்றியதால், யார் லாகின் செய்திருக்கிறார், தமிழா ஆங்கிலமா என்ற மேல்தளச் செய்திகளும் அங்கே போய்ச் சேராது.

போர்ட்டல் பாணி இந்த இரண்டு குறையையும் தீர்க்கிறது. ரியாக்டில் 2017-ல் வந்த இந்த வசதியால், படிவம் திரையில் பெட்டிக்குள் தெரிந்தாலும் குடும்பம் பழைய குடும்பமாகவே இருக்கும். மேலிருந்து வரும் செய்திகள் தடையின்றிப் போகும். வியூ 3-இல் இதற்கு டெலிபோர்ட். என் ஓட்டு இந்தப் பாணிக்கே. அளவுத் தொல்லை மட்டும் இதிலும் உண்டு. திறந்த கணத்தில் லீஃப்லெட் பெட்டியை அளந்துவிடுகிறது. படிவம் சற்றுப் பிந்தி வந்தால் காலிப் பெட்டியின் அளவே நிற்கும். வந்தபின் ‘அப்டேட்’ என்று ஒருமுறை சொல்ல வேண்டும்.

எந்தப் பாணியானாலும் சோதித்துப் பார்க்க ஒரு வரைபடம் சொல்கிறேன். வேடசந்தூர், வடமதுரை பக்கத்துக் கிணறுகள். ஒவ்வொன்றையும் தொட்டால் நீர்மட்டம் எழுதும் கட்டம். திரையின் ஓரத்தில் இருக்கும் கிணற்றைத் தொடுங்கள். பெட்டி முழுதாகத் தெரிவதற்காக வரைபடம் தானாக நகரும். நகர்ந்ததும் புதிய எல்லைக்குள் இருக்கும் கிணறுகளைக் கொண்டுவர நிரல் ஓடும். பழைய குறிகளை அழித்துப் புதிதாக வரையும். குறியோடு பெட்டியும் போய்விடும். பார்ப்பவருக்கு, தொட்டது திறந்து உடனே மூடியதாகத் தெரியும். குறிகளை மொத்தமாக அழிக்காமல், கிணற்று எண்ணை வைத்துப் புதியதை மட்டும் சேர்ப்பதே இதற்கு வைத்தியம். ‘42 அடி’ என்று எழுதிக்கொண்டிருக்கையில் விரல் தவறி வரைபடத்தில் பட்டாலும் பெட்டி மூடும், எழுதியதும் போகும். பாதி எழுதியதைப் பெட்டிக்கு வெளியே, அதே கிணற்று எண்ணில் சேமித்து வைத்திருந்தால் மறுபடி தொடும்போது இருக்கும்.

(கிணறுகளே காணோம் என்றால் எண்களின் வரிசையைப் பாருங்கள். ஜியோஜேசன் தரத்தில் தீர்க்கரேகை முதலில். லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில். 10.36, 77.97 என்ற நம் ஊர் இடம் மாறினால், ஆர்க்டிக்கில் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு மேற்கே கடலில் போய் விழும்.)

பெட்டியே வேண்டாம், திரையின் கீழிருந்து எழும் பலகை போதும் என்பாரும் உண்டு. கைபேசியைப் பொறுத்தவரை நான் அவர்கள் பக்கம். லீஃப்லெட் பெட்டியின் இயல்பான உச்ச அகலம் 300 பிக்சல். தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது 2023-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2, வெயிலில் வரப்பில் நின்று கட்டைவிரலால் தட்டுகிறவருக்கு அதுவும் போதாது. நீர்மட்டம், தேதி, ஒரு சேமிப்புப் பொத்தான் என்றால் பெட்டி தாங்கும். கிணற்றின் படம், மோட்டார் விவரம், சர்வே எண் என்று படிவம் நீளும்போது பலகைக்கு மாறிவிடுங்கள்.