குடகில் ஒரு காபி நடை, கண்டியில் ஒரு கோப்பி நடை

டிசம்பர் மாதத்தில் குடகுக்கோ சிக்மகளூருக்கோ போய், வழிகாட்டியோடு காபித் தோட்டத்தில் நடப்பவர்களின் வாயில் முதலில் விழுவது ஒரு பழம். செக்கச்செவேலென்று பழுத்த அராபிகா பழத்தைப் பறித்து வழிகாட்டி விரல்களுக்கிடையே பிதுக்குவார். வழவழப்பான இரண்டு கொட்டைகள் நழுவி வெளியே வரும். கடிக்காமல் சப்பிப் பார்க்கச் சொல்வார். இனிக்கும். காபி என்றாலே கசப்பு என்று பழகிப்போன நாக்குக்கு அது புதுச் செய்தி. இன்னொரு பழத்தில் இரண்டுக்குப் பதிலாக உருண்டையாய் ஒரே கொட்டை இருக்கும். பீபெர்ரி என்று கடையில் தனி விலைக்கு விற்பது இதைத்தான் என்று சொல்லிக் கையில் வைப்பார்.

பிறகு மேட்டில் ஏறுவார்கள். தலைக்கு மேலே சில்வர் ஓக்கும் பலாவும் காட்டு அத்தியும். அவற்றைச் சுற்றிப் படர்ந்த மிளகுக்கொடி. அதன் நிழலில் இடுப்பளவோ ஆளுயரமோ நிற்கும் காபிச் செடி. நடை முடிகிற இடம் காயவைக்கும் களம். ஒரு பக்கம் பழம் முழுசாகக் காயும். மறுபக்கம் தோலுரித்து, ஊறவைத்து, கழுவிய கொட்டை வெளிறிய மஞ்சளில் விரிந்து கிடக்கும். பழத்தோடு காய்ந்த கொட்டையில் கனிந்த வாசனை ஏறும். கழுவிய கொட்டையில் இளம் புளிப்பு துலங்கும். ஒரே செடியில் பறித்த பழம் இரண்டு வேறு காபியாவதைக் களத்திலேயே பார்த்துவிட்டு, அடுத்த அரைமணியில் இரண்டையும் ருசி பார்க்க முடிவதுதான் இந்திய நடையின் பெரும் பலம்.

ருசி பார்ப்பதற்கென்று ஒரு முறை உண்டு. கப்பிங் என்பார்கள். 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள் என்பது கணக்கு. ஏறத்தாழ 93 டிகிரிச் சூட்டில் வெந்நீரை நேரே தூளின் மேல் ஊற்றுவார்கள். நான்கு நிமிடம் யாரும் தொடமாட்டார்கள். மேலே ஆடைபோலத் திரண்டு நிற்கும் தூளைக் கரண்டியால் விலக்கும்போது எழும் ஆவியில் மூக்கை வைத்து முகர வேண்டும். அதன்பின் கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்ச வேண்டும்; காற்றோடு கலந்து நாக்கு முழுவதும் படர்ந்தால்தான் சுவை பிரிந்து தெரியும். விருந்துக்குப் போன இடத்தில் சத்தம் போட்டு உறிஞ்சக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் முதல் இரண்டு கரண்டிக்குக் கூச்சப்படுவார்கள். இப்படி ருசி பார்த்துப் போடும் மதிப்பெண்ணில் நூற்றுக்கு எண்பதோ அதற்கு மேலோ எடுக்கிற காபிக்கே ஸ்பெஷாலிட்டி என்று பெயர்.

இந்தியாவில் இந்த நடை ஊருக்குள்ளும் நடக்கிறது. பெங்களூரின் பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் காலை வேளையில் வழிகாட்டியின் பின்னால் ஒரு குழு போகும். நின்றபடியே குடிக்கிற சிறு கடைகளில் ‘பை-டூ’ சொல்லி, ஒரு காபியை இருவர் பங்கிட்டுக்கொள்வார்கள். லால்பாக் பக்கம் எம்.டி.ஆர். உணவகம்; 2009-ல் எம்.ஜி. ரோட்டிலிருந்து சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு இடம்மாறிய இந்தியா காபி ஹவுஸ். அதற்குச் சில தெரு தள்ளி, எந்த எஸ்டேட், எத்தனை அடி உயரம், எப்படிப் பதப்படுத்தியது என்றெல்லாம் பலகையில் எழுதிவைக்கும் புதிய வறுவல் கடைகள். சிக்கரி கலந்த டிகாக்‌ஷனில் தொடங்கி, பால் சேர்க்காமல் சொட்டுச் சொட்டாக வடித்த ஒற்றைத் தோட்டத்துக் காபிவரை அரைநாளில் நடந்தே போய்விடலாம். இந்தியக் காபியில் ஏறத்தாழ எழுபது சதவீதம் கர்நாடகத்தில் விளைவதால், செடியும் கடையும் ஒரே நாள் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

காபியைக் கோப்பி என்று அழைக்கும் இலங்கையில் இந்த நடை இத்தனை சுலபமாக அமையாது. கண்டிக்குத் தெற்கே ஹந்தானையில் தொடங்கும் பெக்கோ டிரெயில் என்ற நடைபாதை 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல், மலைநாட்டைச் சுற்றி நுவரெலியாவரை போகிறது. கலஹாவைத் தாண்டினால் லூல்கந்துர. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத்துக்கென்று தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. பாதையின் பெயரும் தேயிலையின் பெயர். கண்ணுக்கு எட்டியவரை தெரிவதும் தேயிலை. ஆனால் அந்த மலைகளில் பலவற்றைக் காடு வெட்டித் திறந்தது கோப்பிக்காக. 1820களில் கம்பளைப் பக்கம் ஜார்ஜ் பேர்ட் தொடங்கிவைத்த பெருந்தோட்டக் கோப்பி, அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இலங்கையை உலகின் முன்னணி உற்பத்தி நாடுகளில் ஒன்றாக்கியது. கொழும்பிலிருந்து 1867-ல் கண்டியை எட்டிய ரயில்கூட முதன்மையாகக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கவே போடப்பட்டது. இன்று அந்த ரயிலின் சன்னலோரத்தில் உட்கார்ந்து படம் எடுக்கும் பயணிகளில் பலருக்கு இது தெரியாது. யாரும் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

1869-ல் மதுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தது. ஹெமிலியா என்ற பூஞ்சை, இலைத்துரு நோய். இலை உதிர்ந்து செடி மொட்டையாகும், அடுத்த பருவத்தில் காய்ப்பு குறையும், சில பருவங்களில் செடியே சாகும். 1880 வாக்கில் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் வந்து நோயின் போக்கைத் துல்லியமாக விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிங்கோனாவுக்கும் பிறகு தேயிலைக்கும் மாறின.

அதே பூஞ்சை சில ஆண்டுகளுக்குள் மைசூரையும் குடகையும் பிடித்தது. அங்கே காபி ஏன் பிழைத்தது? இலங்கைத் துரைமார் மலைச்சரிவை மொட்டையடித்து, வெட்டவெளியில், மைல் கணக்கில் ஒரே பயிரை நெருக்கி நட்டிருந்தார்கள். பூஞ்சையின் விதைத்தூள் காற்றில் பறந்து போய் இறங்குமிடமெல்லாம் அதற்கு உணவு கிடைத்தது. குடகில் தண்டுத் துளைப்பான் வண்டின் தொல்லையால் நிழல்மரத்தின் அருமை முன்பே உறைத்திருந்தது. நிழல் மட்டும் காப்பாற்றிவிடவில்லை. மைசூர்த் தோட்டக்காரர் கென்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோய்க்கு ஓரளவு தாக்குப்பிடித்த செடிகளைப் பொறுக்கி எடுத்தார். 1925-ல் தொடங்கி பாலேஹொன்னூரில் நிலைகொண்ட ஆய்வு நிலையம் அந்தக் கென்ட் வழியிலிருந்து எஸ்.795 என்ற ரகத்தை உருவாக்கியது. இன்றைக்கும் அராபிகா தோட்டங்களில் பரவலாக நிற்பது அது. தாழ்ந்த சரிவுகளுக்கு ரொபஸ்டா வந்தது. சிக்மகளூர் வழிகாட்டிகள் யேமனிலிருந்து பாபா புதன் ஏழு கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்த செவிவழிக் கதையை விரும்பிச் சொல்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் நடப்பவர் கையிலிருக்கும் கோப்பைக்கு நேரடிக் காரணமான கென்டையும் பாலேஹொன்னூரையும் அதே ஆர்வத்தோடு சொல்கிறவர் குறைவு.

இலங்கையில் கோப்பி அடியோடு அழிந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. அது எஸ்டேட்டைவிட்டு வெளியேறி வீட்டுக் கொல்லைக்குப் போனது. கண்டி, மாத்தளைப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களில் பலா, கிராம்பு, மிளகு, சாதிக்காய் மரங்களுக்கு நடுவே பத்து இருபது கோப்பிச் செடி நிற்கும். மாத்தளையின் வாசனைத் திரவியத் தோட்டங்களில் வெளிநாட்டுப் பயணிகளைக் கூட்டிச்செல்லும் வழிகாட்டி, ஏலக்காய்க்கும் வெனிலாவுக்கும் இடையில் ஒரு நிமிடம் அதைத் தொட்டுக்காட்டிவிட்டுப் போய்விடுகிறார். அந்த ஒரு நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கும் முயற்சிகளும் இருக்கின்றன. கண்டி தலதா மாளிகைக்குப் பக்கத்தில் ஜப்பானியர் ஒருவரின் முயற்சியில் உருவான ‘நேச்சுரல் காஃபி’ கடை, சிறு விவசாயிகளின் அராபிகாவைக் கோப்பைக்குக் கொண்டுவந்தது. ஹன்சா போன்ற வறுவல்காரர்கள் மலைநாட்டுக் கொட்டையைப் பெயர் சொல்லி விற்கிறார்கள். ஒரு விவசாயி ஒரு கூடை பழம்தான் தருவார் என்பதால், இங்கே கோப்பையில் இருப்பது ஒரு தோட்டத்தின் சுவையாக இல்லாமல் ஒரு கிராமத்தின் சுவையாக இருக்கிறது. அது குறையல்ல, குடகில் கிடைக்காத ஒன்று.

இன்னொரு கோப்பியும் உண்டு. அதை எந்த மதிப்பெண் தாளும் கணக்கில் எடுப்பதில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் கோப்பிக்கொட்டையோடு மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து, உரலில் இடித்த தூள். பால் இல்லாமல் ஊற்றி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது. தொண்டையில் இறங்கும்போது முதலில் காரம், பின்னால்தான் கோப்பி. ஸ்பெஷாலிட்டிக்காரர்கள் இதைக் கலப்படம் என்று ஒதுக்குவது சரியல்ல. சிக்கரி கலந்த ஃபில்டர் காபிக்குப் பெங்களூர் நடையில் மரியாதையான இடம் இருக்கும்போது, வேர்க்கொம்புக் கோப்பிக்கு இலங்கை நடையில் இடம் இருக்கத்தான் வேண்டும்.

ருசியைப் பற்றி இவ்வளவு பேசும் நடைகள் அந்தக் குவளையை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று இருந்த காலத்தைப் பேசுவதில்லை. எம்.டி.ஆர். 1924-ல் தொடங்கியபோது அதன் பெயர் பிராமின் காபி கிளப். தமிழ்நாட்டிலும் அத்தகைய பலகைகள் நிறைய இருந்தன. சென்னை திருவல்லிக்கேணியில் ‘பிராமணாள்’ என்ற சொல்லைப் பலகையிலிருந்து அகற்றக் கோரி 1957-ல் பெரியார் இயக்கம் நாள்தவறாமல் மறியல் செய்தது. யாழ்ப்பாணத்திலும் அதே காலத்தில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டத்தை நடத்தியது. 1957-ல் இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் பெங்களூரில் காபி ஹவுஸ் தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில், கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். பித்தளை டபராவின் பளபளப்பைப் படம் எடுக்க நிற்கும் குழுவுக்கு இந்த வரலாற்றைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொன்னால் காபியின் சுவை குறைந்துவிடாது.

இலங்கை நடைக்கு இதைவிடப் பெரிய கடன் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிச்சென்ற மக்கள் முதலில் போனது கோப்பிக்குத்தான். தேயிலை பிறகு வந்தது. படகில் வந்து தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக 2023-ல், மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. இரண்டு வாரத்துக்கும் மேல் நீண்ட அந்தப் பயணத்தில் கேட்கப்பட்டவை காணி, வீடு, சம்பளம், சமமான குடியுரிமை. 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964-ல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பெருந்தொகையாகப் பிரிக்கப்பட்டு, கப்பலேறித் திரும்பியவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசு தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். நீலகிரியில் காபி நடை போகிறவர்கள் வழியில் பார்க்கும் தொழிலாளர் லைன் வீடுகளில் சில, கோப்பிக்காகக் கடல் கடந்தவர்களின் வம்சத்துக்குரியவை. குடகின் லைன் மனைகளிலும் எரவர், குறும்பர் பழங்குடியினர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். வழிகாட்டி பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்பாமல் களத்துக்குப் போய்விடுகிறார்.

ஹந்தானைப் பாதையில் வழிப்பலகைகள் ஏற்கெனவே இருக்கின்றன. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது, வீட்டுத்தோட்டத்தில் செடி இருக்கிறது, ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே இருக்கிறது. கோயிலில் தொடங்கி, ஒரு கொல்லையில் பழம் பறித்து, உரலில் இடித்த கோப்பியையும் கப்பிங் கோப்பையையும் அடுத்தடுத்துக் குடித்து, ரயிலில் கண்டிக்குப் போய் முடிக்கும் ஒருநாள் நடைக்குத் தேவையானதெல்லாம் அங்கே உண்டு. அதை நடத்த வேண்டியவர்கள் தோட்டத்து லயங்களில் படித்துவிட்டு வேலை தேடும் மலையக இளைஞர்கள். வழிகாட்டி உரிமத்துக்கான பயிற்சி தமிழிலும் அவர்கள் ஊர்ப்பக்கமே கிடைக்க வேண்டும். குடகிலும், பழம் பறிக்கிற பெண் ஒருவர் களத்தில் பத்து நிமிடம் தன் வேலையைத் தானே விளக்கலாம். எந்தப் பழம் பறிக்கத்தக்கது, எது இன்னும் நான்கு நாள் பொறுக்க வேண்டும் என்பதைத் துல்லியமாக அறிந்தவர் அவர். அதற்கு அவருக்குத் தனிக் கூலியும் தர வேண்டும்.