அளவு நாடா தீண்டாத உடம்புகள்

பாடத்திட்டமும் ஒரு பிரதிதான். நாவலை வாசிக்கிற மாதிரி, புராணத்தைக் கட்டுடைக்கிற மாதிரி அதையும் வாசித்தாக வேண்டும். தமிழ்ப் பாடநூலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நாம் நிறையவே எழுதியாகிவிட்டது. ஆனால் நம் பிள்ளைகள் அதிகமாகப் போய்ச் சேருகிற தொழிற்படிப்புகளின் பாடத்திட்டத்தை யாரும் கையில் எடுப்பதில்லை. தையல்தானே, வயரிங்தானே, அதுல என்ன அரசியல் இருக்கு என்று விட்டுவிடுகிறோம். சமுதாயக் கல்லூரி ஒன்றில் நடக்கும் ஓராண்டு ஃபேஷன் டிசைனிங் டிப்ளமோவின் பாடத்திட்டத்தையும், அதைப் படிக்கும் என் அக்கா மகளின் ரெக்கார்டு நோட்டையும் வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சமுதாயக் கல்லூரியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அமெரிக்காவில் 1901ல் ஜோலியட் நகரில் தொடங்கிய ஏற்பாடு இது. 1995ல் புதுவைக்கும் 1996ல் சென்னைக்கும் வந்தது. பாதியில் நின்றவர், பரீட்சையில் தவறியவர், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர், யாரும் சேரலாம். என் அக்கா மகள் பிளஸ் டூவில் தவறி, நூற்பாலை விடுதியில் இரண்டரை வருசம் பஞ்சுத் தூசியைத் தின்றுவிட்டு வந்தவள். அவளுக்கு வேறெந்தக் கல்லூரி கதவைத் திறந்தது? அதனால்தான் உள்ளே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்க நமக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது.

முதல் பாடமே உடம்பை அளப்பதுதான். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். அளக்க இரண்டு வழி சொல்கிறார்கள். டேப்பை உடம்பில் வைத்து நேராக அளப்பது ஒன்று. ஏற்கனவே தைத்த துணியை விரித்துப்போட்டு அளப்பது இன்னொன்று. முதல் வழியே துல்லியமானது என்று குறிப்பும் இருக்கிறது. சரி. ஆனால் எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்கு அந்த முதல் வழி கிடையாது. 1950களில் கல்யாணமாகி வந்த என் அப்பத்தா சொல்லும்: "டைலரு நம்மளத் தொட்டு அளக்க மாட்டாரு. பழைய ரவுக்கையக் கீழ வச்சிட்டுத் தள்ளி நிக்கணும். பழசு இல்லாதவ எவகிட்டயாச்சும் எரவல் வாங்கிட்டுப் போவா. அவ ஒடம்பு அளவுதான் இவளுக்கு." அடுத்தவள் அளவுக்குத் தைத்த ரவிக்கைக்குள் ஒரு தலைமுறையே உடம்பை நுழைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. "துல்லியம்" என்ற சொல்லை எழுதியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும். நாம் எழுதவில்லை.

அடுத்து வரைதல். ஃபேஷன் உருவம் என்றால் அதன் உயரம் எட்டுத் தலை, சில இடத்தில் பத்துத் தலை. அதாவது தலையின் நீளத்தைப்போல எட்டு மடங்கு உயரம். நிஜ மனிதர் ஏழரைத் தலைதான். அந்த நீட்டல் எல்லாம் காலுக்குத்தான் போகிறது. நாற்று நட்டு, சுமை தூக்கி, கட்டையாய்த் தரையில் ஊன்றி நிற்கிற நம் பெண்கள் அந்தக் கட்டத்துக்குள் நுழையவே முடியாது. அதைவிட மோசம், வண்ணம். நோட்டின் அத்தனை பக்கத்திலும் முகத்துக்கும் கைக்கும் ஒரே நிறம்: கடையில் "ஸ்கின் கலர்" என்று விற்கிற வெளிறிய பென்சில். அக்கா மகளிடம் கேட்டேன். "ஸ்கின் கலர்னா அதுதான சித்தி?" என்றாள். கேட்டவளும் சொன்னவளும் நல்ல கருப்பு. உலகத்தில் எந்த மூலையிலோ இருக்கிறவனின் தோல் நிறம் 'தோல்' என்ற பெயரையே எடுத்துக்கொண்டது. நம் தோலுக்கு பிரவுன், டார்க் பிரவுன் என்று வேறு பெயர். ஒரு பென்சில் பெட்டிக்குள் இவ்வளவு வருணாசிரமம்.

இனி ஆடை வரலாறு. எகிப்து, கிரேக்கம், ரோம், பிரான்சு என்று போய், இந்தியாவுக்கு வந்து மாநிலத்துக்கு ஒரு உடை. யார் எதை உடுத்தினார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. யார் எதை உடுத்தக்கூடாது என்பதற்கு ஒரு வரி இல்லை. இந்த மண்ணில் ஆடை வரலாறு என்பது முக்கால்வாசி அந்த 'கூடாது'தான்.

திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டம் பல்லாண்டு நடந்து, 1859ல் நாடார் பெண்கள் மார்பை மூடலாம் என்று அரசர் அறிவித்தார். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. துணிக்கு அனுமதி, டிசைனுக்குத் தடை! 1930ல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடருக்கு எட்டுக் கட்டளை போட்டார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது. குடை, செருப்பு கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைத் தன் சாதி நூலில் பதிந்து வைத்திருக்கிறார். முழங்கால், இடுப்பு, தோள் என்று எவ்வளவு கறாரான அளவு பாருங்கள். இதைவிடத் துல்லியமான அளவுக் குறிப்பு அந்த ரெக்கார்டு நோட்டில் இல்லை.

பழைய கதை என்பார்கள். 2012ல் தர்மபுரி நாயக்கன்கொட்டாயில் நம் குடியிருப்புகள் எரிந்த பிறகு, தலித் இளைஞர்கள் ஜீன்சும் டீ-ஷர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். 1930ன் சட்டை இங்கே ஜீன்சாகியிருக்கிறது, அவ்வளவுதான். பாடத்தில் டெனிம் துணி பற்றி இருக்கிறது. நெசவு, சாயம், சலவை எல்லாம் உண்டு. அதை உடுத்தியதே குற்றமாகப் பேசப்பட்டது மட்டும் இல்லை. ஒரு இடத்தில் கொஞ்சம் இருந்தது. என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு என்றொரு அத்தியாயம்; அதில் தோள்சீலைப் போராட்டமும் வந்தது. அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016ல் சி.பி.எஸ்.இ. சொன்னது. 2019ல் அத்தியாயத்தையே தூக்கிவிட்டார்கள்.

பெயரில் 'டிசைன்' இருக்கிறதே ஒழிய, பாடம் தையலில்தான் நிற்கிறது. ஜப்லா, ஃபிராக், நைட்டி, சுடிதார், ரவிக்கை, அப்புறம் ஓவர்லாக் மெஷின். தையலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ரெக்கார்டில் ஒட்டியிருக்கிற மாதிரித் துண்டுகளின் மடிப்பும் முடிச்சும் கண்ணை எடுக்கவிடாது. ஆனால் டிசைன் படிக்க வேறு இடம் இருக்கிறது. டெல்லியில் 1986லும் சென்னைத் தரமணியில் 1995லும் வந்த நிஃப்ட். நாலு வருசப் படிப்பு, லட்சக்கணக்கில் கட்டணம், நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலோ இந்தியிலோ. இடஒதுக்கீடு உண்டு, நூற்பாலை விடுதியிலிருந்து அதுவரை போக வழி உண்டா? மூளை அங்கே, கை இங்கே. மனு பிரித்துக் கொடுத்த வேலை, புதுப் பெயரில்.

கை போகிற இடம் எது? பயிற்சி முடித்தவர்கள் பெரும்பாலும் திருப்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண், அவளது மேற்பார்வையாளனாலேயே கொல்லப்பட்டாள். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஆலையோடும் வெளிநாட்டு பிராண்டோடும் போட்ட ஒப்பந்தம். பாலியல் வன்முறையோடு சாதி வன்முறையையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. வாழ்க்கைத்திறன் என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்களே, அதில் நேர்காணலில் எப்படிச் சிரிப்பது என்று இருக்கிறது. இந்த ஒப்பந்தம் இல்லை. மேற்பார்வையாளன் கை வைத்தால் யாரிடம் போவது என்பதைவிடப் பெரிய வாழ்க்கைத்திறன் என்ன இருக்கிறது அந்தப் பிள்ளைக்கு?

எம்ப்ராய்டரிப் பாடத்தில் வங்காளத்துக் காந்தா தையல் வருகிறது. பழந்துணிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவது. நம் கந்தையும் அந்தக் காந்தாவும் ஒரே சொல்தான். பொருநராற்றுப்படையில் வேறு வேறு நூலால் தைத்த, பேன் குடியிருந்த கந்தலைப் பொருநன் உடுத்தி வருகிறான். அரசன் அதைக் களைந்து பாம்புரி போன்ற மெல்லிய துணியைக் கொடுக்கிறான். எம்.ஏ. வகுப்பில் எங்கள் பேராசிரியர் அந்தப் பாம்புரியை ஒரு மணி நேரம் வியந்தார். கந்தலைத் தைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. அப்பத்தா பழஞ்சேலைகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பு இன்னும் எங்கள் வீட்டில் கிடக்கிறது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று அது யோசித்துத்தான் வைத்திருக்கிறது. அதற்கு டிசைன் என்று பெயர் கொடுக்க எந்தப் பாடத்திட்டக் குழுவும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.

இப்போது அக்கா மகள் ஆடை வரலாற்றுத் தாளுக்கு எட்டுக் கட்டளைகளையும் நோட்டில் எழுதியிருக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம் வரைந்து. ஆசிரியையும் நம்மாள்தான், மணிக்கணக்குச் சம்பளம். படித்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லையாம். அப்புறம், "சிலபஸ்ல இல்லம்மா, மார்க் போட முடியாது. ஆனா கிழிக்காத, இருக்கட்டும். வெளித்தேர்வாளர் கேட்டா நீயே பதில் சொல்லு" என்றாராம். தேர்வு அடுத்த மாதம்.