விலை சொல்லும் செயலியும் கமிஷன் ஒப்பந்தமும்

மருத்துவக் காப்பீட்டு ஏஜெண்டாகத் தொழில் நடத்த முற்படுகிறவர்கள், எந்தச் செயலி நல்லது என்று ஒரு கேள்வியையும், எங்கே கமிஷன் அதிகம் என்று மற்றொரு கேள்வியையும் தனித்தனியே கேட்பது வழக்கம். ஆனால் பிரீமியத்தைக் கணக்கிட்டுக் காட்டும் செயலிகள் சிலவற்றைக் கைப்பேசியில் ஏற்றி, ஒரே குடும்பத்தின் விவரங்களை ஒவ்வொன்றிலும் கொடுத்துப் பரீட்சித்த பிறகு, இவ்விரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான் என்ற அபிப்பிராயம் எனக்கு ஏற்பட்டிருக்கிறது. இலவசமென்று சொல்லப்படும் செயலிக்கும் யாரேனும் விலை கொடுத்தாக வேண்டும். அவ்விலை பெரும்பாலும் ஏஜெண்டின் கமிஷனிலிருந்தே எடுக்கப்படுகிறது.

இந்தியாவில் இத்தொழிலுக்குள் நுழையும் முக்கிய வழிகள் இரண்டு. 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி ஏஜெண்டாக நியமனம் பெறுகிறவர், ஆயுள் காப்பீட்டில் ஒன்று, பொதுக் காப்பீட்டில் ஒன்று, தனி மருத்துவக் காப்பீட்டில் ஒன்று என்ற அளவிலேயே நிறுவனங்களின் பிரதிநிதியாக இருக்கலாம்; அந்தந்த நிறுவனத்தின் செயலியே அவருக்குத் துணை. 2015-இல் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி ஒரு தரகு நிறுவனத்தின் கீழ் 'பி.ஓ.எஸ்.பி.' (பாயிண்ட் ஆஃப் சேல்ஸ் பெர்சன்) ஆகச் சேருகிறவருக்கோ, பல நிறுவனங்களின் பாலிசிகள் ஒரே திரையில் அணிவகுத்து நிற்கின்றன. முதல் வழியில் ஒப்பிட வகையில்லை. இரண்டாவது வழியில், ஒப்பிட்டுக் காட்டுகிறவருக்கும் கமிஷனில் ஒரு பங்கு உண்டு.

பரீட்சைக்கு நான் எடுத்துக்கொண்டது கற்பனைக் குடும்பம்தான்: 44 வயதுக் கணவர், 40 வயது மனைவி, இரண்டு குழந்தைகள், சர்க்கரை வியாதியுள்ள 68 வயதுத் தந்தை, காப்பீட்டுத் தொகை 10 லட்சம் ரூபாய். ஃப்ளோட்டர் பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் நிர்ணயமாகிறபடியால், தந்தையையும் அதில் சேர்த்தால் தொகை வெகுவாக ஏறிவிடும் என்பதையும், அவருக்குத் தனிப் பாலிசி எடுப்பதே பல சந்தர்ப்பங்களில் உசிதம் என்பதையும் அனுபவமுள்ள ஏஜெண்ட் அறிவார். நான் சோதித்தவற்றுள் ஒரே ஒரு செயலிதான் இரண்டு விதமாகவும் கணக்கிட்டு அடுத்தடுத்து வைத்துக் காட்டிற்று. மற்றவற்றில் விவரங்களை முதலிலிருந்து மறுபடியும் தட்டவேண்டியிருந்தது. பல நிறுவனங்கள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து வெவ்வேறு பிரீமியம் வசூலிப்பதால் பின்கோடு அவசியமான விவரம். அதைக் கேளாமலே அவசரமாக ஒரு தொகையைச் சொல்லிய செயலியொன்று, புரபோசல் கட்டத்தில் பின்கோடைப் பெற்றுக்கொண்டு, சற்றும் கூச்சமின்றி வேறு தொகையைச் சொல்லிற்று. வாடிக்கையாளர் முன்னிலையில் இது நேர்ந்தால், தலை குனிய வேண்டியவர் செயலியை எழுதியவர் அல்லர்.

ஆனால் தொகைப் பிழையைக் காட்டிலும் ஆபத்தானது, தொகையை மட்டும் பெரிதாகக் காட்டிப் பிறவற்றை மறைக்கும் அமைப்பு. மலிவானதை முதலில் நிறுத்தும் வரிசையில் மேலே வந்த பாலிசிகளுள் அறை வாடகைக்கு வரம்பு விதிப்பவையும் இருந்தன. அந்த வரம்பைக் காண நான்கைந்து இடங்களில் தட்டவேண்டியிருந்தது. வரம்பின் விளைவு எளிய கணக்குதான். 5 லட்சம் ரூபாய்ப் பாலிசியில் அறை வாடகை நூற்றுக்கு ஒன்று என்றிருந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நோயாளி 8,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகை வித்தியாசம் மட்டுமன்றி, மருந்து, இம்பிளாண்ட், பரிசோதனை ஆகியவை நீங்கலாக டாக்டர் கட்டணம், அறுவைக் கூடக் கட்டணம் போன்றவையும் பாலிசி நிபந்தனைப்படி அதே விகிதத்தில் வெட்டுப்படக்கூடும். அதாவது அவ்வகையில் 2 லட்சம் ரூபாய் பில் வந்தால் 1,25,000 ரூபாய்தான் கிடைக்கும். அறை வாடகை, கோ-பே, காத்திருப்புக் காலம் ஆகிய மூன்றையும் பிரீமியத்துக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில் காட்டாத செயலியை, அது எத்தனை வேகமாக இயங்கினாலும், நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

செயலியின் தகவல்கள் புதியவையா என்று அறிய இரண்டு சுலபமான சோதனைகள் உண்டு. முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 2024-இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. தனிநபர் மருத்துவப் பாலிசிகளின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. நான் பார்த்த ஒரு செயலியின் ஒப்பீட்டு அட்டவணையில் நான்கு வருஷக் காத்திருப்பு இன்னமும் ஜீவித்திருந்தது.

இனிக் கமிஷன் விஷயம். 2023 ஏப்ரல் வரை தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு 15 சதவீதம் என்ற உச்சவரம்பு இருந்தது. அதன்பின் அது நீங்கி, நிறுவனத்தின் மொத்த நிர்வாகச் செலவு, பிரீமிய வருமானத்தில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 30 சதவீதமும் தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 35 சதவீதமும் தாண்டலாகாது என்ற கட்டுப்பாட்டுக்குள், கமிஷன் விகிதத்தை அந்தந்த நிறுவனமே வகுத்துக்கொள்கிறது. ஆகவே புதிய பாலிசிக்கு என்ன, ரினியூவலுக்கு என்ன, வேறு நிறுவனத்திலிருந்து மாறிவரும் பாலிசிக்கு என்ன என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டியது இன்று ஏஜெண்டின் பொறுப்பு. ஜி.எஸ்.டி. நீங்கியதும், உள்ளீட்டு வரிச் சலுகையை இழந்த நிறுவனங்கள் பல, கமிஷனை 18 சதவீத வரியையும் உள்ளடக்கிய தொகையாகக் கணக்கிடத் தொடங்கின. 30,000 ரூபாய்ப் பிரீமியத்தில் 15 சதவீதமென்று எதிர்பார்த்த 4,500 ரூபாய், இம்முறையில் ஏறக்குறைய 3,814 ஆகிவிடுகிறது. விகிதத்தைச் சொல்லி, கணக்கிடும் முறையைச் சொல்லாத ஒப்பந்தத்தை நம்பி வருமானத்தைத் திட்டமிட முடியாது.

தரகு நிறுவனச் செயலிகள் சிலவற்றில் ஒவ்வொரு பாலிசியின் கீழும் ஏஜெண்டுக்குக் கிடைக்கும் தொகை பச்சை எழுத்தில் மின்னுகிறது. அதன்படியே பாலிசிகளை வரிசைப்படுத்தவும் வசதி செய்திருக்கிறார்கள். தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டும் வியாபாரிக்குத் தான் ஒட்டியிருப்பதாவது தெரியும்; இங்கே புளியை வேறொருவர் ஒட்டிக் கொடுக்க, ஏஜெண்ட் தாம் நியாயமாகவே நிறுப்பதாக நம்பிக்கொண்டிருக்கலாம். அந்தத் தொகையை மறைத்துவைக்கும் வசதி ஒரு செயலியில் இருந்தது. அதை நான் பெரிய குணமாகவே கருதுகிறேன். கைப்பேசியை வாடிக்கையாளர் பக்கம் திருப்பும்போது, "அதில் பாதியை எனக்குக் கொடுங்களேன், சார்" என்ற வேண்டுகோள் எழாமல் அது தடுக்கும். 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு அவ்விதப் பங்கீட்டைத் தடை செய்து, 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறதல்லவா?

வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தாலன்றித் தொகையைக் காட்டாத செயலிகளில், வீட்டில் சும்மா கிடந்த எண்ணொன்றைக் கொடுத்தேன். ஒரு செயலியைப் பொறுத்தவரை, மறுநாளே இனிமையான குரலில் ஒருவர் அழைத்து, ஏஜெண்டின் பேச்சையே எடுக்காமல், பாலிசியை நேரடியாக வாங்கிக்கொள்ளும்படி யோசனை கூறினார். அங்கே ஏஜெண்ட் தம் வாடிக்கையாளரைத் தாமே தானம் செய்கிறார்.

நான்கைந்து வருஷங்களுக்கு மேல் இத்தொழிலில் நிலைத்திருக்க எண்ணுகிறவருக்கு முதல் வருஷக் கமிஷனைவிட ரினியூவலே பிரதானமாதலால், விலகினால் அது யாருக்குச் சேரும், வாடிக்கையாளர் பட்டியலைக் கோப்பாக எடுத்துச் செல்ல முடியுமா என்ற இரண்டையும் சேருமுன் கேட்கவேண்டும். என் வரையில், ஒரே ஊரில், தெரிந்த குடும்பங்களிடையே தொழில் செய்பவருக்கு, ஒப்பிடும் வசதி குறைந்தாலும், தொகை மாறாமல் சொல்லும் நிறுவனச் செயலியே போதுமென்பேன். பல ஊர்களில் பலவித வயதினரைச் சந்திப்பவருக்குத் தரகு வழி தேவைப்படலாம். அவ்வழியில் செல்பவர், கையெழுத்திடுமுன், மாதாந்திரக் கமிஷன் அறிக்கையின் மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். பாலிசி எண், பிரீமியம், விகிதம், பிடித்த வரி ஆகியவற்றோடு, சென்ற வருஷத்துப் பாலிசிகளின் ரினியூவல் கமிஷன் அதில் தனி வரிசையாக இல்லையென்றால், அந்தச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றவே வேண்டியதில்லை.