கத்தி விளிம்பின் சாட்சியம்: மாக் – சால்ஹர் ஒளிப்படங்கள் குறித்து

பறக்கும் குண்டின் முன்னே வில்லாய் வளைந்த கோடு. பின்னே சுழல்களின் தடம். குறுக்கே இரு செங்குத்துக் கம்பிகள். எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஹரும் 1887-இல் வெளியிட்ட ஆய்வினின்று புகழ்பெற்ற இவ்வகைப் படங்களைக் ‘காற்றின் ஒளிப்படம்’ என்றே அறிவியல் நூல்கள் பல அறிமுகப்படுத்துகின்றன. இவ்வறிமுகம் மறுபரிசீலனைக்குரியது.

படத்திற்கு அடிப்படை 1864-இல் ஆகஸ்ட் டெப்லர் வெளியிட்ட சிலீரன் முறை. காற்றின் அடர்த்தி மாறுமிடத்தில் ஒளிவிலகல் எண்ணும் மாற, ஒளிக்கதிர் சற்றே வளைகிறது. ஒளி குவியும் இடத்தில் கத்தி விளிம்பொன்று நிறுத்தப்படுகிறது. ஒருபுறம் வளைந்த கதிர் அதில் தடைபட, படத்தில் அவ்விடம் இருள்கிறது. மறுபுறம் வளைந்தது தப்பிச் செல்ல, அவ்விடம் ஒளிர்கிறது. விளிம்புக்கு இணையான திசையில் நிகழும் மாற்றமோ பதிவாவதே இல்லை. விளிம்பைத் திருப்பினால் அதே ஓட்டம் வேறு படமாகிவிடும். ஆக, பதிவாவது காற்று அன்று. அடர்த்தி மாற்றம், அதுவும் ஒரு திசையில் மட்டும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குண்டு தன்முன் அழுத்திச் செல்லும் காற்றுத்திரளே காயங்களைக் கோரமாக்குகிறது என்பது பெல்ஜிய அறிஞர் மெல்சன்ஸின் கருதுகோள். மாக்கின் ஆய்வுக்குத் தூண்டுகோல் அதுவே. 1886-இல் பியூமே கடற்படைக் கல்விக்கூடத்தில் சால்ஹர் எடுத்த படங்களில், வேகம் ஒலியின் வேகத்தை விஞ்சும்போது அலைமுகப்பு தோன்றியது. அது குண்டோடு ஒட்டிச் செல்லும் காற்றுத்திரள் அன்று, கப்பலின் முன்னெழும் அலை போன்றது என மாக் விளக்கினார். விளக்கம் சரியே. ஆயினும், சீராக அழுந்திய காற்று எத்துணை அடர்ந்திருப்பினும் இம்முறையில் வெறும் பின்னணியாகவே தோன்றும். எல்லை தெரியும், அளவு தெரியாது. எனவே அலைமுகப்புக்கும் குண்டுக்கும் இடையே காற்று எவ்வளவு அழுந்தியிருந்தது என்ற வினாவுக்குப் படம் மட்டும் விடையாகாது. மாக்கின் மகன் லூட்விக் பின்னர்க் குறுக்கீட்டுமானியைக் கொண்டு எறிபொருளைச் சூழ்ந்த காற்றின் அடர்த்தியை ஆராய நேர்ந்ததன் பொருத்தம் இங்கேதான் விளங்குகிறது.

புலனுக்கு எட்டாத அணுவை ஏற்கத் தயங்கிய மாக், வில்லையும் விளிம்பும் மின்பொறியும் கூடி ஆக்கிய இப்படத்தை நேரடிக் காட்சியாகவே கையாண்டார். (அணு குறித்து அவர் கேட்ட கடுமையான கேள்விகளை இப்படத்திடமும் கேட்டிருக்கலாம்.) மின்பொறியைத் தூண்டுவதற்கென நிறுத்திய கம்பிகள் படத்திலேயே நிழலாய் விழுந்துள்ளன. பார்வையாளர் அவற்றைக் கடந்து குண்டையே பார்க்கின்றனர். இக்காட்சி ஆக்கப்பட்ட விதத்தைக் காட்டுபவை அக்கம்பிகளே.